வண்ணத்துப்பூச்சியின் வேடங் கண்ட வாலஸ்

வன்னிநாட்டு வளவுகளிலே தேசியும் கறிவேப்பிலையும் தளிர்க்குங்கால் கருஞ்சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகள் அவற்றை நாடி வரும். ஒன்றன் பின்சிறகில் வெண்புள்ளிகள் நிரையாக நிற்கும். மற்றொன்றன் பின்சிறகிற் செம்புள்ளிகள் திகழும். இவற்றை வெவ்வேறு சாதியென எண்ணுதல் இயல்பே. உயிர்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் என்னும் பேரறிஞரும் 1758இல் இவற்றின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருவேறு பெயரிட்டார். இம்மயக்கத்தை நீக்கியோருள் தலைசிறந்தவர் அல்பிரட் ரசல் வாலஸ் ஆவர்.

இவர் வேல்ஸ் நாட்டு உஸ்க் என்னும் ஊரில் 1823ஆம் ஆண்டு தை மாதம் 8ஆந் திகதி பிறந்தார். குடும்ப வறுமையாற் பதினான்கு வயதிலே பள்ளியை விட்டார். தமையனாரிடம் நிலவளவை கற்றார். 1844இல் லெஸ்ரர் நகரிலே ஆசிரியராயமர்ந்தபோது பேற்ஸ் என்னும் பூச்சியியல் அன்பரின் நட்புக் கிடைத்தது. 1848இல் இருவரும் அமேசன் காடு புகுந்தனர். நான்காண்டு தேடிய செல்வத்தோடு வாலஸ் மீண்டபோது நடுக்கடலிற் கப்பல் தீப்பற்றியது. உயிர் தப்பியது; தொகுத்தவற்றிற் பெரும்பகுதி சாம்பராயிற்று.

மனந் தளராத அவர் 1854இல் மலாயத் தீவுகளுக்குச் சென்றார். எட்டாண்டுகளில் 1,25,660 உயிரினப் படிகளைத் தொகுத்தார். உயிர்களின் படிமுறை வளர்ச்சிபற்றி அவர் எழுதியனுப்பிய கட்டுரை, டார்வினின் எழுத்துக்களோடு 1858இல் இலண்டனில் அரங்கேறியது.

1864இல் அவர் கீழ்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் வேடத்தை ஆராய்ந்துரைத்தார். ஆடுதீண்டாப்பாளை முதலியவற்றின் நச்சிலையுண்டு வளரும் பூச்சியைப் பறவைகள் தீண்டா. கறிவேப்பிலையில் வளரும் இனத்துக்கோ நஞ்சில்லை. ஆதலின் அதன் பெண்களிற் சில, நச்சுப்பூச்சியின் சிறகுக்கோலத்தைப் பூண்டு பிழைக்கின்றன. முட்டை சுமக்கும் பெண்ணுக்கே காவல் மிகுதியும் வேண்டுமென்பது அவர் கண்ட காரணம். வேறுசில பெண்கள் ஆணின் கோலத்தையே உடையன. வேடதாரியை அறிதற்கு உடலை நோக்குக: நச்சுப்பூச்சியின் உடல் சிவந்திருக்கும், வேடதாரியின் உடல் கறுத்தே இருக்கும்.

வாலஸ் 1913ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 7ஆந் திகதி மறைந்தார். அக்காலத்தையொட்டி இலங்கையிலே பிறையர் என்பார் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒருதாய் ஈன்ற பெண்கள் பல கோலங் கொள்ளுமென நிறுவினார். அக்கோலங்களை ஆள்வது ஒரே மரபணுவென 2014இல் ஆய்வாளர் கண்டனர்.

சிறகை மட்டும் பார்த்தோர் மயங்கினர். உடலையும் உணவையும் வாழ்வையுஞ் சேர்த்து நோக்கியவர் தெளிந்தார். கல்விக்கு வறுமையோ தீயோ தடையாகாதென்பதற்கு வாலஸின் வாழ்வே சான்று. இதனை மாணவர் நெஞ்சிற் பதித்தல் ஆசிரியர் கடன்.