எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 - ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். மிகக் குறுகிய பாதையைக் காணும் படிமுறைத் தீர்வின் மூலமே இவர் பலராலும் அறியப்படுகின்றார். ஆயினும், இணைக்கப்பட்ட வன்பொருட்கள் எந்த நேரத்தில் குறுக்கிட்டாலும் நிலைகுலையாத இயங்குதளக் கருனியை வடிவமைப்பதில் இவர் ஆற்றிய பணி அதனினும் ஆழமானது எனலாம்.

இளமைக்காலம்

டைக்ஸ்ட்ரா ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியலாளர், தாய் கணிதம் கற்றவர். லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் பயின்ற இவர், 1952 இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலராகச் சேர்ந்தார். 1957 இல் திருமணப் பதிவின்போது தொழில் நிரலர் எனக் குறிப்பிட்டதை அதிகாரிகள் ஏற்கவில்லை. கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே பதிய நேர்ந்தது.

குறுக்கீட்டுச் சிக்கல்

கணித மையத்தில் பிராம் லூப்ஸ்ட்ரா, காரல் ஸ்கோல்டன் ஆகிய இருவரும் வன்பொருளை வடிவமைக்க, அடிப்படை நிரல்களை டைக்ஸ்ட்ரா எழுதினார். அதுவரை, தட்டச்சுப்பொறி போன்ற மெதுவான கருவி தன் வேலையை முடிக்கும் வரை விரைவான கணினி வெறுமனே காத்திருந்தது. எலெக்ட்ரோலொஜிகா எக்ஸ்1 கணினியில் இதை மாற்ற அவ்விருவரும் விரும்பினர். கருவி வேலையை முடித்ததும் சைகை அனுப்பும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நிறுத்தப்படும். கருவியைக் கவனித்தபின் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதுவே குறுக்கீடு ஆகும்.

இத்திட்டம் டைக்ஸ்ட்ராவுக்கு அச்சமூட்டியது. குறுக்கீடு நிகழும் கணத்தை நிரல் தீர்மானிப்பதில்லை, கருவியே தீர்மானிக்கின்றது. எனவே ஒரே நிரல் இருமுறை ஓடினால் இருவேறு இடங்களில் தடைப்படும். ஒருமுறை தோன்றிய பிழை மறுமுறை தோன்றாமல் போகலாம். அத்தகைய பிழையைச் சோதனையால் மட்டும் பிடிக்க இயலாது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் தயங்கிய பின்னரே இவர் இசைந்தார். பதிவகங்கள் அனைத்தையும் சேமித்து, பின் பழையபடியே மீட்டுத் தரும் நிரலை எழுதினார். இப்பணியே 1959 இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இவரது முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று.

டிஎச்ஈ இயங்குதளம்

1962 இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு ஒரு சிறு குழுவுடன் எக்ஸ்8 கணினிக்காக உருவாக்கிய இயங்குதளம் டிஎச்ஈ எனப்படும். இது அடுக்குகளாக அமைந்தது. அடித்தளம் செயலியின் நேரத்தைப் பங்கிட்டது. அதன்மேல் நினைவகம், இயக்குநர் முனையம், உள்ளீட்டு வெளியீட்டுக் கருவிகள், பயனர் நிரல்கள் என்ற வரிசையில் மற்றவை அமைந்தன. ஓர் அடுக்கு சரிபார்க்கப்பட்ட பின்னரே அடுத்தது சேர்க்கப்பட்டதால், சோதிக்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தது.

கருவிகளைக் கவனிக்கத் தனித்தனிச் செயல்கள் அமைக்கப்பட்டன. இவற்றை ஒருங்கிணைக்க டைக்ஸ்ட்ரா வகுத்த கருத்துருவே செமஃபோர். தொடர்வண்டிக் கைகாட்டியைக் குறிக்கும் டச்சுச் சொல்லாலேயே இவர் அதை அழைத்தார். இது ஓர் எண். பொதுவான தரவைத் தொடுமுன் செயல் அதைக் குறைக்கும். வழி இல்லையெனில் உறங்கும். வழி விடுவிக்கப்படும்போது எண் கூட்டப்பட்டு, உறங்கும் செயல் எழுப்பப்படும். கருவி வேலையை முடித்ததை அறிவிக்கவும் இதே முறை பயன்பட்டது. இவ்வியங்குதளம் பற்றிய கட்டுரை 1968 இல் வெளியானது.

அக்காலக் கருவிகள் நிலையாகப் பொருத்தப்பட்டவை. ஓடும் கணினியில் கருவிகளைச் செருகவும் கழற்றவும் இடமளிக்கும் கருனிகள் பின்னரே வந்தன. அவற்றில் இவருக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆனால் யூஎஸ்பி நினைவகம் ஒன்றைச் செருகும்போது எழுவதும் அதே வினாவே. அதன் வரவு குறுக்கீடாகவே அறியப்படுகின்றது. இயக்கி நிரல் படித்துக் கொண்டிருக்கையில் பயனர் அதைப் பிடுங்கிவிடலாம். அப்போது கருவிப் பட்டியலை இரு செயல்கள் ஒருசேர மாற்றினால் கருனியே நிலைகுலையும். ஒரு நேரத்தில் ஒரு செயல் மட்டுமே நுழையலாம் என்ற விதியே இதைத் தடுக்கின்றது. லினக்ஸ் கருனியில் நெடுங்காலம் கருவிகளுக்குச் செமஃபோரே பூட்டாக இருந்தது.

பிற்காலம்

1972 இல் டூரிங் விருது பெற்றார். 1984 முதல் 1999 வரை ஆஸ்டினிலுள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இவர் எண்ணிட்டுச் சுற்றுக்கு விட்ட குறிப்புகள், பெரும்பாலும் பேனாவால் எழுதப்பட்டவை, 1300 இற்கும் அதிகம். 2002 இல் நெதர்லாந்தின் நூனன் என்னும் ஊரில் காலமானார். பரவற்கணிமைத் துறையின் விருது ஒன்று 2003 முதல் இவர் பெயரால் வழங்கப்படுகின்றது.