ஒரே தெரு, ஒரே மாதிரி வீடு... வரி மட்டும் எட்டு மடங்கு வித்தியாசம்! கலிஃபோர்னியாவை மாற்றிய ஹோவர்ட் ஜார்விஸ் யார்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பக்கத்து பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டும் சொத்து வரியில் பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். வீட்டின் அளவோ வசதியோ இதற்கு காரணம் இல்லை. யார் எந்த வருடம் வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. இந்த விசித்திரமான முறைக்கு காரணமானவர் ஒரு முதியவர். வாழ்நாளில் ஒரு தேர்தலில்கூட ஜெயித்து பெரிய பதவிக்கு வராதவர். பெயர் ஹோவர்ட் ஜார்விஸ்.

1903-ல் யூட்டா மாநிலத்தில் மெர்க்கர் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். இளம் வயதில் சின்ன சின்ன ஊர் பத்திரிகைகளை நடத்தினார். 1930-களில் கலிஃபோர்னியா வந்து, தொழிற்சாலை வைத்து நன்றாகவே சம்பாதித்தார். 1962-ல் குடியரசுக் கட்சி சார்பில் செனட் வேட்பாளர் ஆக முயன்று தோற்றார். 1977-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் தேர்தலிலும் தோல்விதான். சத்தமாகப் பேசுவார், சட்டென்று கோபப்படுவார். அரசியல்வாதிகள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட விஷயம் சொத்து வரி. வரியைக் குறைக்கச் சொல்லி பல வருடம் மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். போதுமான கையெழுத்து கிடைக்காமல் ஒவ்வொரு முறையும் அப்படியே நின்றுபோனது.

கையெழுத்து எதுக்கு என்கிறீர்களா? கலிஃபோர்னியாவில் 1911 முதல் ஒரு வழி உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்களின் கையெழுத்தைத் திரட்டினால், சட்டமன்றத்துக்குப் போகாமலேயே ஒரு சட்டத்தை மாநிலம் முழுக்க நேரடி ஓட்டுக்கு விடலாம். அரசியல் சாசனத்தைக்கூட இப்படித் திருத்தலாம். அன்று ரயில்வே கம்பெனியின் பிடியில் இருந்த அரசியலை மீட்பதற்காக கவர்னர் ஹைரம் ஜான்சன் கொண்டுவந்த ஏற்பாடு இது.

1970-களில் ஜார்விஸுக்கு காலம் கனிந்தது. வீட்டு விலை கிடுகிடுவென ஏறியது. விலை ஏற ஏற வரியும் ஏறியது. மாநிலத்தில் சராசரி சொத்து வரி விகிதம் 2.6 சதவீதத்துக்கும் மேல். வீட்டை விற்றால்தானே அந்த விலை கைக்கு வரும்? பென்ஷனில் வாழும் முதியவர்களுக்கு வரி நோட்டீஸ் இடியாக விழுந்தது. இன்னொரு பக்கம், மாநில அரசு கஜானாவில் பல நூறு கோடி டாலர் உபரியாகக் கிடந்தது. வாக்காளர்களை அதிகம் எரிச்சலூட்டியது அநேகமாக இதுதான்.

சாக்ரமெண்டோவைச் சேர்ந்த பால் கேன் என்பவருடன் ஜார்விஸ் கைகோத்தார். இந்த முறை பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து குவிந்தது. அதுதான் முன்மொழிவு 13. சொத்து வரி 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொத்தின் மதிப்பை 1975 நிலைக்குப் பின்னால் இழுத்து, அதன் பிறகு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் கூட்ட வேண்டும். கை மாறினால் மட்டும் புது விலை. இன்னொன்று, பலர் அன்று கவனிக்காதது: மாநில வரியை உயர்த்த இனி சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

கவர்னர் ஜெர்ரி பிரவுன் எதிர்த்தார். ஆசிரியர்கள், தீயணைப்பு வீரர்களின் வேலை போகும் என்று எதிர்தரப்பு எச்சரித்தது. எதுவும் எடுபடவில்லை. 1978 ஜூன் 6-ல் கிட்டத்தட்ட 65 சதவீத ஓட்டுடன் வென்றது. 74 வயது ஜார்விஸ் டைம் இதழின் அட்டைப்படம் ஆனார். பிரவுனோ அப்படியே திரும்பி, சட்டத்தை ஆர்வமாக அமல்படுத்தி, நவம்பரில் மறுபடி கவர்னரும் ஆகிவிட்டார்!

அப்புறம் என்ன ஆச்சு?

சொத்து வரி வசூல் பாதிக்கும் மேல் சரிந்தது. உபரியை எடுத்து பள்ளிகளையும் கவுன்ட்டிகளையும் மாநில அரசு தாங்கிப் பிடித்ததால், பயமுறுத்திய அளவுக்கு உடனே எதுவும் இடிந்து விழவில்லை. கோடை வகுப்புகள் ரத்தானது, நூலக நேரம் குறைந்தது போன்றவை நடந்தன. ஆனால் பணம் கொடுப்பவர் கைக்கு அதிகாரமும் போகும் இல்லையா? உள்ளூர் விஷயங்கள் தலைநகர் சாக்ரமெண்டோவின் கைக்குப் போயின. உள்ளூர் வரியைக் குறைத்து அரசைச் சுருக்க நினைத்தவரின் சட்டம், மாநில அரசின் பிடியை இறுக்கியது. வருமான வரியை அதிகம் நம்பியதால் பங்குச் சந்தை விழுந்தால் பட்ஜெட்டும் விழும் நிலை வந்தது. வீடுகளைவிட விற்பனை வரி தரும் கடைகளுக்கு இடம் கொடுக்க நகரங்கள் ஆர்வம் காட்டின.

அந்த வரி வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். 1975-ல் 50,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 500 டாலர். வருடம் 2 சதவீதம் ஏறினாலும் 45 வருடம் கழித்து சுமார் 1,220 டாலர்தான். பக்கத்தில் அதே போன்ற வீட்டை 10 லட்சம் டாலருக்குப் புதிதாக வாங்கியவருக்கு 10,000 டாலர். இது சமத்துவத்துக்கு எதிரானது என்று போட்ட வழக்கில், 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

வாடகைக்கு இருப்பவர்கள் கதை வேறு. ஜார்விஸ், லாஸ் ஏஞ்சலிஸில் அடுக்குமாடி உரிமையாளர்கள் சங்கத்துக்காக வேலை பார்த்தவர். வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று பிரசாரம் செய்தார். பெரும்பாலான உரிமையாளர்கள் குறைக்கவில்லை. கோபத்தில் லாஸ் ஏஞ்சலிஸ், சான்டா மோனிகா போன்ற நகரங்களில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அவருக்குத் துளியும் பிடிக்காத விஷயம் அது.

ஜார்விஸ் அடங்கவில்லை. 1980-ல் வருமான வரியைப் பாதியாக்க ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார். தோல்வி. அதே வருடம் வந்த ஏர்பிளேன் என்ற காமெடி படத்தில் தலைகாட்டினார். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் டாக்ஸியில், படம் முடிந்த பிறகும் டிரைவருக்காகக் காத்திருக்கும் பயணி அவர்தான். கட்டணம் ஏறுவதை வேடிக்கை பார்க்கும் வேடம் அவருக்கு!

1986 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். மக்கள் ஓட்டில் வந்த சாசனத் திருத்தம் என்பதால் சட்டமன்றம் நினைத்தாலும் தனியாக நீக்க முடியாது, மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். 2020-ல் பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டுமாவது சந்தை விலைப்படி வரி போடலாம் என்று முன்மொழிவு 15 ஓட்டுக்கு வந்தது. வீடுகளைத் தொட மாட்டோம் என்று சொல்லியும், 52 சதவீதம் பேர் வேண்டாம் என்றே ஓட்டு போட்டார்கள்.