அண்ணல் அம்பேத்கரும் தொழிலாளர் உயிர்க்காப்பும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் சரிதத்தில் மஹத் குளம், பூனா ஒப்பந்தம், நாகபுரி தீட்சை ஆகியவற்றை நமது சிறுவரும் அறிவர். 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் இலாகாவை ஏற்று நடத்திய நான்கு ஆண்டுகளையோ நம்மிற் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆதலின் அப்பகுதியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1891 ஏப்ரல் 14இல் மஹூ பாசறையிற் பிறந்த அவருக்குத் தாகம் இன்னதென்று எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1901ஆம் ஆண்டுக் கோடையில், தந்தையைக் காண மாட்டுவண்டியிற் சென்ற அச்சிறுவர்க்கு வழிநெடுக ஒரு மிடறு நீர் கொடுப்பாரில்லை. 1934இல், பாரிஸ்டராகிப் புகழ்பெற்ற பின்னரும், வேரூள் பௌத்தக் குகைகளைக் காணச் செல்லுகையில், ஐதராபாத் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் அவரும் நண்பர்களும் புழுதி படிந்த முகத்தைக் கழுவியதற்காக வைது தடுக்கப்பட்டனர்.

பம்பாயில் அவர் நெடுங்காலம் வாழ்ந்தது பரேல் தொழிலாளர் குடியிருப்பில். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி முடிய வேண்டும் என்ற காரணங்காட்டி, ஆலைகளின் நெசவுப் பகுதியில் தீண்டாதாரைச் சேர்க்காதிருந்த கொடுமையை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் அமர்ந்தவர், 1943 டிசம்பரில் தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துள் தாமே இறங்கிப் பார்த்தார். கரியும் புழுக்கமும் நிறைந்த அவ்விருளில் பெண்களும் உழைத்தனர். பெண்களை நிலத்தடி வேலைக்கு விடலாகாது என்றிருந்த தடை, யுத்தத்தை முன்னிட்டு அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கப்பட்டிருந்தது. அதற்குச் சட்டசபையிற் சமாதானம் கூறும் பொறுப்பும் அவருடையதாயிற்று. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவர்களுக்கு ஆண்களோடு சமகூலி என்பதை அவர் வற்புறுத்தினார். 1946 பிப்ரவரி 1 முதல் தடையும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1944இல் சுரங்கத் தொழிலாளர் நல நிதி, 1945இல் ஆலைகளில் சம்பளத்துடன் விடுமுறை, 1946இல் வாரம் 54 மணி வேலை 48 ஆகக் குறைப்பு ஆகியன அடுத்தடுத்து வந்தன.

ஆயினும் நிஜாம் எல்லைக்குள் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் செல்லவில்லை. சிங்கரேணிச் சுரங்கத்தார்க்கும் ஐதராபாத் ஆலையார்க்கும் நிஜாமின் கட்டளையே சட்டம். 1948 செப்டம்பரில் அவ்வரசு வீழ்ந்தது. 1950 ஜனவரி 26 முதல், அண்ணல் தலைமையில் வரையப்பெற்ற அரசியல் சட்டம் அங்கும் செல்லுபடியாயிற்று. நியாயமும் மனிதத்தன்மையும் உள்ள வேலை நிலைமைகளை அரசு உண்டாக்க வேண்டும் என்பது அதன் 42ஆம் பிரிவு. நீதிமன்றம் ஏறி நிலைநாட்ட இயலாத வழிகாட்டு நெறியாக அது நின்றது என்பது நமக்கு வருத்தமே. 1953 ஜனவரியில் ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

அவர் பதவி விலகிய பின் நிறைவேறிய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காற்றோட்டத்தையும் தாங்கத்தக்க வெப்ப அளவையும் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வேண்டும் என்றது. கூரையின் கீழ் உழைப்போர்க்கு அது சரி. ஐதராபாத்தின் மே மாத வெயிலில் கல் சுமப்பவருக்கும் தார் ஊற்றுபவருக்கும் கூரை ஏது? வெப்பத்தாக்கால் மாண்டவர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் என்று தெலங்கானா அரசு 2025இல் அறிவித்தது. அது உயிர் போன பிறகு வரும் பணம். அண்ணல் கேட்டது உயிரோடிருப்பவர்க்கான ஏற்பாடு.