தந்தையற்றோரின் தந்தை தொன் போஸ்கோ



நாதியற்ற பிள்ளைகளுக்குத் தந்தையாக விளங்கிய புனித தொன் போஸ்கோ, தாமே தந்தையின் நிழலில் வளரும் பேறு பெறாதவர். வட இத்தாலியில், பெக்கி என்னும் சிற்றூரில் 1815 ஆகஸ்டு 16-ல் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தை இறந்தார். தாய் மார்கரீத்தம்மாள் பாடுபட்டு வளர்த்தார். படிக்க ஆசைப்பட்ட சிறுவனுக்கு வீட்டில் வறுமையோடு அண்ணனின் எதிர்ப்பும் சேர்ந்தது. பன்னிரண்டு வயதில் அயலார் பண்ணையில் வேலைக்கு அமர்ந்தார். பின்பு முதியவரான கலோசோ அடிகள் இலத்தீன் கற்பித்து ஆதரித்தார். 1830-ல் அவரும் காலமானார். இரண்டாம் முறையும் தந்தையை இழந்ததுபோல் ஆயிற்று. கியேரி நகரில் காப்பிக்கடையில் வேலை செய்துகொண்டே படித்து, 1841-ல் குருவானார்.

தூரின் நகரில் பிழைப்புத் தேடி வந்த சிறுவர்களை ஞாயிறுதோறும் கூட்டி, செபம், பாடம், விளையாட்டு என நடத்தினார். ஒருமுறை இரவு தங்க இடம் பெற்ற இளைஞர் சிலர் போர்வைகளோடு ஓடிவிட்டனர். ஆயினும், 1847-ல் மழையில் நனைந்து வந்த ஓர் அனாதைச் சிறுவனுக்கு அவ்வீட்டின் கதவு மீண்டும் திறந்தது. மார்கரீத்தம்மாள் அவனுக்குச் சூடான சூப் கொடுத்து, அடுக்களையிலேயே படுக்கை விரித்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி உறங்க வைத்தார்.

அதுவே வழக்கமாயிற்று. இரவு செபத்துக்குப்பின் தொன் போஸ்கோ பிள்ளைகளோடு சிறிது நேரம் பேசுவார். தாம் கண்ட கனவுகளையும் கதையாகச் சொல்வார். 1873 முதல் எழுதிய நினைவுக் குறிப்புகளில், கலோசோ அடிகளை இழந்து கலங்கியதையும் காப்பிக்கடை நாட்களையும் தம் சபையாருக்கு ஒளிக்காமல் சொல்லி வைத்தார். அவரது இல்லத்தில் சிலர் தையலும் செருப்புத் தொழிலும் கற்றனர். சிலர் உயர்படிப்புப் படித்தனர்.

எட்டு வயதில் தந்தையை இழந்த மிக்கேல் ரூவா அங்கு வளர்ந்து, 1860-ல் குருவானார். 1888 ஜனவரி 31-ல் தொன் போஸ்கோ இறந்தபின் சலேசிய சபையை நடத்தியவர் அவரே. அவர் காலத்தில்தான், 1906-ல், சலேசியர் தஞ்சைக்கு வந்தனர். தொன் போஸ்கோ 1934-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்பர்களே, விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் ஆதரவற்ற பிள்ளைக்கு நாம் கட்டணம் கட்டலாம். ஆனால் கிறிஸ்மஸ் விடுமுறையில் அப்பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும்? அத்தகைய ஒருவரை உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள். நீங்கள் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். தான் தனியே இல்லை என்று அப்பிள்ளை அறியட்டும்.