கணவர் அமெரிக்க அதிபர்... ஆனா பென்ஷன் இல்லை! மேரி லிங்கன் 5 வருஷம் காத்திருந்த கதை

1865 ஏப்ரல் 14 இரவு. வாஷிங்டன் ஃபோர்டு தியேட்டரில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் மனைவி மேரி. மறுநாள் காலை லிங்கன் உயிர் பிரிந்தது. நாடே அழுதது. சரி, அதுக்கப்புறம் மேரிக்கு என்னாச்சு?

யார் இந்த மேரி?

1818-ல் கென்டக்கி மாகாணம் லெக்சிங்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1842-ல் லிங்கனைக் கரம்பிடித்தார். நான்கு மகன்கள். அதில் இருவரை லிங்கன் இருக்கும்போதே பறிகொடுத்தார்.

சட்டத்தில் இடமே இல்லை

1862 சட்டப்படி, உள்நாட்டுப் போரில் இறந்த சாதாரண சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர் பென்ஷன் உண்டு. ஆனா, அந்தப் போரை நடத்திய அதிபரின் மனைவிக்கு? எதுவும் கிடையாது. லிங்கனின் அந்த ஆண்டுச் சம்பளத்தில் மீதியை மட்டும் நாடாளுமன்றம் கொடுத்தது.

லிங்கன் உயில் எழுதவில்லை. சொத்து மேரிக்கும் இரு மகன்களுக்குமாக மூன்றாகப் பிரிந்தது. மேரிக்குக் கடனும் இருந்தது. 1867-ல் தன் உடைகளை நியூயார்க்கில் விற்கப் பார்த்தார். பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன.

மேரி வைத்த வாதம்

அடுத்த ஆண்டு இளைய மகனுடன் ஜெர்மனி போனார். அங்கிருந்தே நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அதிபர்தான் படைகளின் தலைமைத் தளபதி. அப்படின்னா நானும் போரில் கணவரை இழந்தவள்தானே என்பதுதான் அவர் வாதம். செனட்டர் சார்லஸ் சம்னர் துணை நின்றார். எதிர்த்தவர்களோ, மேரியின் வருமானத்தையும் செலவையும் நடத்தையையும் சபையில் அலசினார்கள். கடைசியில் 1870 ஜூலையில் ஆண்டுக்கு 3,000 டாலர் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. 1881-ல் அதிபர் கார்ஃபீல்டு கொல்லப்பட, அவர் மனைவிக்கு 5,000 டாலர் தரும் பேச்சு எழுந்தது. அப்போ எனக்கு என்று மேரியும் கேட்டார். 1882 ஜனவரியில் அவருக்கும் 5,000 டாலர் ஆனது. கூடவே 15,000 டாலர் மொத்தமாகவும் தரப்பட்டது. ஆனா அதே ஜூலையில், 63 வயதில் காலமானார்.

பிறகு என்ன மாறியது?

1939-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்த தொழிலாளியின் மனைவி, குழந்தைகளுக்கும் மாதத் தொகை வந்தது. அதிபர்களின் மனைவிகளுக்குத் தனிச் சட்டம் 1958-ல்தான் வந்தது.

மேரி ஒவ்வொரு முறையும் தன் கஷ்டத்தை ஊரறியச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகு, தகுதி இருந்தால் விண்ணப்பம் போதும். சலுகைக்கும் உரிமைக்கும் வித்தியாசம் இதுதான்.