ஜி.டி.நாயுடுவின் இரண்டாயிரம் ரூபாய் கார்

(இரண்டாமாண்டு, டிப்ளமோ மெக்கானிக்கல்)

ஃபோர்டு தெரியும், பென்ஸ் தெரியும் நமக்கு. ஆனால் நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருவர் 1952-ம் ஆண்டில் சொந்தமாகக் கார் செய்து காட்டினார் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். அவர்தான் இந்தியாவின் எடிசன் என்று புகழப்படும் மாமேதை ஜி.டி.நாயுடு அவர்கள்.

கோயம்புத்தூர் அருகே கலங்கல் என்னும் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தையிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவ்வளவுதான்! மாடும் இல்லை, குதிரையும் இல்லை, இது எப்படி ஓடுது என்ற கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கிவிட்டு ஊர் சுற்றினாரா என்றால் இல்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றித் தரையில் பரப்பி, மறுபடியும் மாட்டினார். நமக்கு ஒர்க்‌ஷாப்பில் சார் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிற வேலை இது. அவருக்கு யார் இருந்தார்கள்?

1920-ல் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். ஷேவிங் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், ஓட்டுப் பதிவு இயந்திரம்... எழுதினால் இந்த மலர் பத்தாது.

நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவர்தான், அதற்கு முதல்வராக இருந்தவரும் அவர்தான். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் முதல்வர்! நாலு வருஷப் படிப்பெல்லாம் நேர விரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார். (அரியர் வைத்திருப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். இரண்டு வருஷமும் ராத்திரி பகலாக வேலை செய்ய வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.)

இப்போது காருக்கு வருவோம். 1952-ல் அவர் செய்தது இரண்டு பேர் உட்காரும் சின்னப் பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய். அன்றைக்குக் கார் என்றாலே பெரிய மனிதர் வீட்டுச் சாமான். 1957-ல் வந்த அம்பாசடர்கூட நாலேகால் மீட்டருக்கு மேல் நீளம். சாதாரண ஆளுக்கு ஒரு சின்ன வண்டி என்று அப்போதே யோசித்தார் நாயுடு. ஆனால் அரசாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது. அதன் பிறகு சாமானியன் ஒரு சின்னக் காருக்காக 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை, 31 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அந்தக் கார் ரோட்டுக்கு வந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்குமா?

முதல் வருஷ பிசிக்ஸை ஞாபகப்படுத்துங்கள். 600 கிலோ காரும் 1,800 கிலோ வண்டியும் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று வையுங்கள். உந்தம் மாறாது என்ற விதிப்படி இரண்டும் சேர்ந்து பெரிய வண்டி போன திசையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய வண்டிக்காரருக்கு வேக மாற்றம் 25. சின்னக் காரில் இருப்பவருக்கு 75! மூன்று மடங்கு அடி. இதில் யாருடைய திறமையும் எடுபடாது, கணக்கு அப்படி.

ஆனால் பெரிய கார் எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துக் கார்கள் கனமான இரும்பு. முட்டினால் வண்டி நசுங்காது, அடி முழுவதும் உள்ளே இருக்கும் ஆளுக்குப் போகும். ஸ்டியரிங் கம்பி நெஞ்சில் குத்தும். முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது என்று ஜெர்மனியில் பேலா பாரெனி என்ற பொறியாளர் பேடண்ட் கேட்டது 1951-ல்தான். அது காரில் வந்தது 1959-ல். வால்வோ கம்பெனியின் மூன்று முனை சீட் பெல்ட்டும் அதே வருஷம்தான். ஆகவே நாயுடுவின் கார் மட்டும் குறையுள்ளது என்று சொல்வது நியாயம் இல்லை. 1952-ல் உலகமே அப்படித்தான் இருந்தது.

நம் நாட்டில் இது இன்னும் மெதுவாக வந்தது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சின்னக் கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அதில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று பேரெடுத்த நானோவும் ஒன்று. 2017-ல் புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம் ஆனது. 2018-ல் நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது, அதன் நீளம் 4 மீட்டருக்கும் குறைவு! 2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கியது. சின்னதாகவும் இருக்கலாம், பத்திரமாகவும் இருக்கலாம் என்பது தெரிந்துபோயிற்று. விலைதான் ஏறிவிட்டது.

அந்த விலைதான் பிரச்சினை. நம்ம சங்கரன்கோவிலில் ஆடித்தபசு அன்றைக்கு ரோட்டில் நின்று பாருங்கள். ஒரே பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, டேங்க் மேல் ஒன்று. அந்தக் குடும்பத்துக்கு 5 ஸ்டார் காரும் இல்லை, பூஜ்யம் ஸ்டார் காரும் இல்லை. நாயுடு கார் செய்ய நினைத்தது இவர்களுக்காகத்தான். லைசென்ஸ் கொடுத்திருந்தால் முதலில் தகர டப்பா மாதிரிதான் இருந்திருக்கும். ஆனால் மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டியவர், அடிபட்ட காரையும் கழற்றிப் பார்த்துத் திருத்தியிருப்பார் என்பது என் எண்ணம். 31 வருஷம் சின்ன விஷயமா?

வரிப் பிரச்சினையில் மனம் வெறுத்து, தம் தயாரிப்புகளை மக்கள் முன்னாலேயே உடைத்துப் போட்டவர் அவர். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அதே ரோட்டில் ஜி.டி. கார் மியூசியமும் இருக்கிறது. கோவைக்கு இன்டர்வியூ போகும் நண்பர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயிண்டை மட்டும் பார்க்காதீர்கள், பழைய கார்களில் பெல்ட் இருக்கிறதா, ஸ்டியரிங் கம்பி எங்கே வந்து நிற்கிறது என்றும் குனிந்து பாருங்கள்.