பால் ஒட்லே

பால் ஒட்லே (ஆகஸ்ட் 23, 1868 – டிசம்பர் 10, 1944) பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞரும் நூற்பட்டியல் அறிஞரும் ஆவார். கணினிகள் தோன்றும் முன்னரே, அட்டைகளைக் கொண்டு மாபெரும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியவர். தகவல் அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

ஒட்லே பிரசெல்ஸ் நகரில் பிறந்தார். சட்டம் பயின்றாராயினும் நூல்களை ஒழுங்குபடுத்துவதிலேயே நாட்டம் கொண்டிருந்தார். 1895 இல், ஆன்றி லா ஃபொன்டேனுடன் இணைந்து அனைத்துலக நூற்பட்டியல் நிறுவனத்தைத் தொடங்கினார். லா ஃபொன்டேன் 1913 இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அட்டைத் தரவுத்தளம்

நூல்கள், கட்டுரைகள் ஆகியவற்றின் விவரங்கள் அட்டைகளில் எழுதப்பட்டன. டூயி பதின்மப் பகுப்பு முறையை விரிவாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் எண் வழங்கப்பட்டது. இரு எண்களுக்கிடையே முக்காற்புள்ளி இட்டு, அப்பொருள்களின் தொடர்பைக் குறிக்க இயன்றது. 1930களில் அட்டைகளின் எண்ணிக்கை 1.2 கோடியைத் தாண்டியது.

வாசகர்கள் அஞ்சல் வழியாக வினாக்களை அனுப்பி, கட்டணம் செலுத்தி, உரிய அட்டைகளின் படிகளைப் பெற்றனர். ஒரு வினாவுக்கு 50 க்கு மேற்பட்ட முடிவுகள் கிடைக்கக்கூடுமெனில் அவர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. பொருளை வரையறுத்துத் தேடலைக் குறுக்கும் இத்திறனே, இன்று நூலகங்களில் இணையத் தரவுத்தளங்களைப் பயன்படுத்துவோருக்கும் தேவைப்படுகிறது.

இறுதிக் காலம்

முண்டேனியம் எனப் பெயர்பெற்ற இத்தொகுப்பு இயங்கிவந்த இடத்தைப் பெல்ஜிய அரசு 1934 இல் மூடியது. அதே ஆண்டில் வெளியான தமது நூலில், தொலைவிலுள்ள நூல்களை வீட்டிலிருந்தே திரையில் படிக்கும் காலத்தை ஒட்லே கற்பனை செய்தார். 1940 இல் நாட்டைக் கைப்பற்றிய நாசிகள், செருமானியக் கலைக் கண்காட்சிக்கு இடமளிப்பதற்காகத் தொகுப்பின் ஒரு பகுதியை அழித்தனர். நான்கு ஆண்டுகளின் பின் ஒட்லே காலமானார்.

எஞ்சியவற்றைக் கொண்டு 1998 இல் மோன்ஸ் நகரில் முண்டேனியம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.